எட்டாத காது

வயதைக் கையால் அளக்கிற ஊர் அது. வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொடுகிற பிள்ளைக்குத்தான் ஒன்றாம் வகுப்பில் இடம். பூதக்குட்டி உருமாண்டிக்கு அதுதான் சிக்கல். அவன் தலை அண்டா மாதிரி. நீளட்டும் என்று சிநேகிதி செவந்தி வாரம் முழுக்க அவன் கையைப் பிடித்து இழுத்தாள், வலிதான் மிச்சம்.

சேர்க்கை நாளன்று பெரிய தலைப்பாகையோடு வீற்றிருந்த தலைமையாசிரியர், "காது எட்டலை. உனக்கு வயசு வரலை, போ" என்றார்.

"எனக்கு நூறு வயசு ஆச்சுங்க ஐயா."

"இங்கே காதுதான் கணக்கு."

"எப்படித் தொடணும்னு ஐயா ஒரு தடவை காட்டுங்க, பழகிக்கிறேன்."

பெருமையாகக் கையைத் தூக்கினார். அது தலைப்பாகையைத் தாண்டவில்லை. கழற்றலாம்தான், மரியாதை போய்விடுமே.

உருமாண்டி பணிவாகக் கும்பிட்டான். "கவலைப்படாதீங்க ஐயா. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்தே வந்து பார்ப்போம்."