வேப்பிலை இல்லாத வீதிகள்

முன்னொரு காலத்தில், காய்ச்சலுக்கே கட்டளை போட நினைத்த ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய ஊரெங்கும் கொள்ளைக் காய்ச்சல். வைத்தியர்கள் வீடு வீடாகப் போய் நாடி பிடிப்பார்கள். காய்ச்சல் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவார்கள். கொத்து இருக்கும் வீட்டுக்கு அரண்மனைக் கஷாயம் வந்துவிடும். உப்பரிகையிலிருந்து பார்த்த ராஜாவுக்கு அந்தப் பச்சையே பிடிக்கவில்லை.

"பக்கத்து நாட்டு ராஜா வருகிறார். அதற்குள் வேப்பிலை குறைய வேண்டும்!" என்றார்.

மந்திரி விருத்தகிரி, வைத்தியர்கள் வீதியில் கால் வைக்கவே கூடாது என்று தடுத்துவிட்டார். நாடி பார்க்க ஆளில்லை, வேப்பிலையும் இல்லை. "காய்ச்சல் ஒழிந்தது, மகாராஜா!" என்றார். ராஜா பூரித்துப்போனார்.

விகடகவி சித்தாண்டிக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அவர் மனைவி செங்கமலம் அனலாய்க் கொதித்துக் கிடந்தாள். வாசலில் கொத்து இல்லை, அதனால் கஷாயமும் இல்லை.

"காய்ச்சல் ஒழிஞ்சுபோச்சுன்னு தண்டோரா போடுறாங்களே, அப்ப எனக்கு வந்திருக்கிறது என்னவாம்?" என்று முனகினாள்.

சித்தாண்டி தலையில் அடித்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தார். இந்தக் கூட்டத்தோடு மாரடித்தே அவர் ஆயுசு போய்விடும் போலிருந்தது.

"நான் காய்ச்சலை ஒழித்தேன். நீர் எதை ஒழித்தீர், விகடகவியாரே?" என்று மந்திரி சீண்டினார்.

"மகாராஜாவின் உணவில் விஷம் இருக்குமோ என்று தினமும் பயப்படுகிறோமே, அந்த விஷத்தை மத்தியானத்துக்குள் ஒழிக்கிறேன்."

மத்தியானம் ராஜா இலை முன் அமர்ந்தார். வழக்கமாக முதலில் ருசி பார்க்கும் இருளப்பனைக் காணோம்.

"வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், மகாராஜா," என்றார் சித்தாண்டி. "அவன் ருசி பார்த்தால்தானே விஷம் இருப்பது தெரியும்? இனி யாரும் பார்க்கப் போவதில்லை. ஆகவே விஷமும் இல்லை. தைரியமாகச் சாப்பிடுங்கள்."

பிசைந்த கவளம் பாதி வழியில் நின்றது. "பைத்தியமா உமக்கு? பார்க்காவிட்டால் விஷம் இல்லாமல் போய்விடுமா?"

"காய்ச்சல் போயிற்றே, மகாராஜா! வித்தை மந்திரியாருடையது. முதல் கவளமும் அவருக்கே சேரட்டும்."

விருத்தகிரி இரண்டடி பின்வாங்கினார். "இன்று... எனக்கு விரதம்."

"என் மனைவிக்கும் விரதம்தான். கஷாயம் இல்லாத விரதம்." என்றார் சித்தாண்டி.

ராஜா வெட்கத்தோடு கையை உதறிவிட்டு வைத்தியர்கள் மேலிருந்த தடையை நீக்கினார். வைத்தியர்கள் உடனே வீதிக்குப் போனார்கள், முதலில் செங்கமலத்திடம். கஷாயம் உள்ளே போனதும் அவளுக்குச் சூடு தணிந்தது.

மறுநாள் வீதிகள் முன்னைவிடப் பச்சையாக இருந்தன. விருத்தகிரி மூச்சிரைக்க ஓடிவந்தார். "பார்த்தீர்களா மகாராஜா, வைத்தியர்கள் போனதும் காய்ச்சல் பெருகிவிட்டது!"

சித்தாண்டி மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டார். ராஜாவோ விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சித்தாண்டிக்குப் போட்டுவிட்டு மந்திரியிடம் திரும்பினார்.

"இருளப்பன் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும். இனி என் சாப்பாட்டை நீர் ருசி பாரும்."