நீர்க்காகத்துக்குச் சீயக்காய் தேய்த்த கதை

பறவைகளுக்கும் பேச்சு வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், அவை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததே இல்லை. வேலியில் வந்து உட்கார்ந்து, "இன்னைக்கு உங்க வீட்டுல என்ன குழம்பு?" என்று கேட்கும். பதில் பிடிக்காவிட்டால் அடுத்த வீட்டு வேலிக்குப் போய் அங்கேயும் அதையே கேட்கும். அப்போது காவிரிக் கரையோரத்து ஊர் ஒன்றில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக் கொல்லையில் அவளே மண்வெட்டி பிடித்து வெட்டிய ஒரு குட்டை உண்டு. குட்டை நிறைய விரால் மீன்.

அந்த மீன் விற்பதற்கு இல்லை. மகள் பவளம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. சோற்றைக் கண்டாலும் குமட்டல், பாலைக் கண்டாலும் குமட்டல். விரால் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு மட்டும் உள்ளே போனது, போனது தங்கியது. பிள்ளை பிறக்கப்போவதோ பங்குனியில். அதற்குள் ஆறு வற்றிவிடும், வாய்க்காலில் சேறுதான் மிஞ்சும், கொல்லைக் குட்டையை விட்டால் மீனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. எலும்பும் தோலுமாக நடமாடும் மகளைப் பார்க்கும்போதெல்லாம் காத்தாயி பயந்துபோவாள். உடனே போய்க் குட்டையை ஒரு பார்வை பார்ப்பாள். இது இருக்கிறவரை என் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியம் வந்துவிடும்.

மீன் இருக்கும் இடம் பறவைக்குத் தெரியாமல் போகுமா? கொக்கு வந்தது. அதைப் பார்த்து மீன்கொத்தியும் வந்தது. காத்தாயி அசரவில்லை. குட்டையைச் சுற்றி மூங்கில் குச்சி நட்டு, கரைக்குக் கரை தேங்காய் நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினாள். நடுநடுவே பனையோலைத் துண்டுகளைத் தொங்கவிட்டாள். மேலிருந்து பாய்ந்த மீன்கொத்தி கயிற்றில் மூக்கை இடித்துக்கொண்டு, "இதெல்லாம் ஒரு நியாயமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது. கொக்கு இறங்கப் பார்த்தபோது அதன் நீளக் கால் சிக்கிக்கொண்டது. காத்தாயிதான் சிக்கெடுத்து விட்டாள்.

"இன்னொரு தடவை வந்தியோ, காலை இங்க வச்சுக்கிட்டு மீதியைத்தான் அனுப்புவேன்" என்றாள்.

கொக்கு பக்கத்துத் தென்னைமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பார்ப்பதற்குக் காசா கேட்கிறார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் ஏரிப் பக்கமிருந்து நீர்க்காகம் வந்தது. அந்தக் காலத்து நீர்க்காகம் எப்படி இருக்கும் தெரியுமா? கழுத்து முதல் வால் வரை கன்னங்கரேலென்று மினுமினுக்கும். நடையில் ஒரு பெரியமனிதத் தோரணை. குட்டையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, கயிற்றை இழுத்துப் பார்த்து, வருத்தமாகத் தலையை ஆட்டியது.

"கயிறு நல்லாத்தான் கட்டியிருக்கீங்க அக்கா. ஆனா பெருங்காத்து அடிச்சா அறுந்துபோயிடுமே. நீங்க பொண்ணைப் பார்ப்பீங்களா, குட்டையைப் பார்ப்பீங்களா? காவலுக்கு ஒரு ஆள் வேணாமா?"

"ஆளுக்கு நான் எங்க போவேன், தம்பி?"

"நான் எதுக்கு இருக்கேன்? எனக்குக் கூலியே வேணாம். வரப்புல கிடக்குற நத்தை, தவளை போதும்."

கூலி வேண்டாம் என்று ஒருவன் வேலைக்கு வந்தால் யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பார்கள். காத்தாயி யோசிக்கவில்லை. உள்ளே மகள் குமட்டுகிற சத்தம் கேட்டது. "சரி தம்பி, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் செய்த பிசகு அது ஒன்றுதான்.

நீர்க்காகம் கரையில் ஒரு மூங்கில் கழியின் உச்சியில் ஏறி உட்கார்ந்தது. கொக்கின் நிழல் தெரிந்தாலே, "யாரது? இது காத்தாயியக்கா குட்டை" என்று ஊரே கேட்கும்படி கத்தித் துரத்தும். அந்தச் சத்தம் அடுப்படிவரை வரும். நல்ல காவல்காரன் கிடைத்தான் என்று காத்தாயி நிம்மதியாகக் குழம்பைக் கிண்டுவாள்.

ஆனால் விரால் தண்ணீருக்கடியிலேயே கிடக்கும் மீன் இல்லை. மூச்சு வாங்க மேலே வந்து போகும். காலையில் கரையான் புற்றை உடைத்து ஒரு கை போட்டால் குட்டையே கொதிக்கிற மாதிரி எழும்பி வரும். சில நாளிலேயே அந்தக் கொதிப்பு குறைந்தது. பிறகு, போட்ட கரையான் பாதி அப்படியே மிதந்தது. காத்தாயிக்குப் பகீரென்றது.

"மீனெல்லாம் எங்க தம்பி?"

"வெயில் ஏறுதுல்லக்கா, அடியில போய்ப் படுத்துக்கிச்சுங்க."

தென்னைமரத்துக் கொக்கு, "காவல்காரன் வயித்தைக் கொஞ்சம் பாருங்கக்கா" என்று குரல் கொடுத்தது.

நீர்க்காகம் பதறவே இல்லை. கழியிலிருந்து இறங்கி வந்து காத்தாயியின் முன்னால் முதுகைக் காட்டி நின்றது. "தொட்டுப் பாருங்கக்கா. ஒரு சொட்டு ஈரம் இருக்கா? தண்ணிக்குள்ள போனவன் நனையாம வருவானா?"

தொட்டுப் பார்த்தாள். காய்ந்த ஓலை மாதிரி இருந்தது சிறகு. திருட வந்து கால் சிக்கிய கொக்கின் பேச்சைக் கேட்டு நல்லவனைச் சந்தேகப்பட்டேனே என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

மறுநாள் பாத்திரம் விளக்கக் குட்டைக்கு வந்தாள். கரையோரத் தண்ணீரில் எண்ணெய் படர்ந்து பல நிறமாக மினுங்கியது. எண்ணெய்ப் பாத்திரம் எதையும் அவள் இன்னும் தண்ணீரில் வைக்கவில்லை. இந்தக் குட்டையில் யாரும் குளிப்பதும் இல்லை. பிறகு எண்ணெய் எங்கிருந்து வந்தது? நேற்றுச் சிறகைத் தொட்ட விரலை முகர்ந்து பார்த்தாள். கழுவியும் போகாத பிசுக்கு. மீன் நெய் வாடை.

எல்லாம் புரிந்துவிட்டது. இவன் உடம்பே எண்ணெய்க் குடம். கயிற்றுக்குக் கீழே கரையோரமாக நடந்து இறங்கி, முங்கி, விழுங்கி, மேலே வந்து ஒரு சிலுப்பு சிலுப்பினால் தண்ணீர் ஓடிப்போகும். வேறொருத்தியாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். காத்தாயிக்கு ஆத்திரம் தலைக்கேறத்தான் செய்தது. ஆனால் அடித்தால் பறந்துவிடுவான், பறந்தவன் ஆளில்லாத நேரம் பார்த்துத் திரும்ப வருவான். எண்ணெய்ப் பிசுக்குக்கு என்ன மருந்து என்று தெரியாத பெண் ஊரில் உண்டா? பாத்திரத்தை விளக்கிக்கொண்டே அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

"தம்பி, நாளைக்குச் சனிக்கிழமை. நம்ம வீட்டுக்கு இவ்வளவு பாடுபடுற உனக்கு ஒரு முழுக்குப் போடலைன்னா ஊர் என்னைப் பத்தி என்ன பேசும்?" என்றாள்.

நீர்க்காகத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஏரியில் எந்தப் பறவைக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளை உபசாரம் நடந்ததில்லை. விடிந்ததும் வந்து மணைப்பலகையில் உட்கார்ந்துகொண்டது. காத்தாயி வெந்நீர் வைத்தாள். சீயக்காய்த் தூளைச் சோறு வடித்த கஞ்சியில் கெட்டியாகக் கரைத்தாள்.

"எண்ணெய் எங்கக்கா?"

"அதான் உன் மேலயே இருக்கே, தம்பி. தேய்ச்சு எடுக்குறதுதான் பாக்கி."

தேய்த்தாள் பாருங்கள், அப்படி ஒரு தேய்ப்பு. கழுத்து, முதுகு, சிறகின் அடி, ஒவ்வொரு இறகின் நுனி. ஊற்றினாள், மறுபடி தேய்த்தாள், மறுபடி ஊற்றினாள். வடிந்த தண்ணீர் பிசுபிசுவென்று ஓடியது. நீர்க்காகம் சுகத்தில் கண்ணை மூடி, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்றது. துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்தாள்.

"நான் பவளத்துக்குத் தலைவாரிவிட்டு வர்றேன். குட்டை பத்திரம்" என்று உள்ளே போய்க் கதவிடுக்கில் நின்றாள்.

முழுக்குப் போட்டால் பசிக்கும். நீர்க்காகத்துக்கு அகோரப் பசி. இப்படியும் அப்படியும் பார்த்தது, கயிற்றுக்கடியில் நுழைந்தது, முங்கியது. நல்ல தாட்டியான விரால் ஒன்றைக் கவ்விக்கொண்டு எழுந்து சிலுப்பியது. தண்ணீர் போகவில்லை. இன்னொரு தடவை சிலுப்பியது. சிறகு நனைந்த கோணிச்சாக்காகக் கனத்தது. பறக்கப் பார்த்தால் மேலே எழும்ப முடியவில்லை. தட்டுத்தடுமாறிக் கழியில் ஏறி, வேறு வழியில்லாமல் இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காட்டியது.

காத்தாயி வெளியே வந்தாள். "என்ன தம்பி, உனக்கு மட்டும் மழையா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தது. வாயிலிருந்த விரால் துள்ளிக் குட்டையில் விழுந்தது.

தென்னைமரத்தில் கொக்கு சிரித்த சிரிப்பில் குரும்பை உதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியருகே கூடிவிட்டார்கள். பவளம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். மழையில் மாட்டிய குடை மாதிரி நிற்கும் நீர்க்காகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றாள். வந்த நாளிலிருந்து அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"காயிறவரைக்கும் நில்லு. காஞ்சதும் போயிடு" என்று காத்தாயி நீர்க்காகத்திடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அதை அடிக்கவில்லை. அடிக்க என்ன இருக்கிறது, ஊரே பார்த்துவிட்டதே.

மிச்சமிருந்த விரால் பங்குனி வரை தாங்கியது. பவளம் தேறினாள். பேத்தி பிறந்தபோது அழுத அழுகை நாலு வீட்டுக்குக் கேட்டது.

நீர்க்காகத்துக்கு மட்டும் போன எண்ணெய் திரும்ப ஊறவில்லை. வாத்து சிலுப்பினால் காய்ந்துவிடும், நீர்க்காகத்துக்கு அந்தக் கொடுப்பினை போய்விட்டது. அன்று முதல்தான் அது எந்தக் குளத்தில் மீன் தின்றாலும், கரையேறி இரண்டு சிறகையும் அகல விரித்து, "தின்றது நான்தான்" என்று ஊருக்கே தெரியும்படி வெயிலில் நிற்கிறது.