கணக்கில் வராத ஆட்டம்

குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி என்கிற ஆட்டம் கோல்ஃப். பெண்களுக்கு அதில் இதைவிடப் பெரிய போட்டி இல்லை என்று சொல்லப்பட்ட போட்டி, ஒரு கடலோரச் சங்கத்தின் மைதானத்தில் நடந்தது. பெண்களுக்குக் கதவு திறந்துவிட்ட பெருந்தன்மையை அந்தச் சங்கத்தார் பித்தளைத் தகட்டில் பொறித்து வாசலில் மாட்டியிருந்தார்கள். இளவயதில் ஆட வந்து, திருப்பி அனுப்பப்பட்டு, அதே வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டு அடிபட்டவர்களில் லூர்தம்மாளும் ஒருவர். தகட்டில் யார் பெயரும் இல்லை.

இரண்டாம் நாள் முடிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். லூர்தம்மாளின் சிஷ்யை பூங்கோதை ஒரே ஓர் அடி கூடிப்போனதில் வெளியே போனாள். வயது நாற்பதை நெருங்கிவிட்டது. இனி இங்கே அவளை யாரும் அழைக்கப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அதிகாரி ஒருவர் வந்தார். மிஞ்சியவர்கள் ஒற்றைப்படையில் இருந்தார்கள். காலையில் முதலில் கிளம்பும் இங்ரிட் என்ற பெண்ணுக்கு ஜோடி இல்லை. கூடவே ஆடிக்கொண்டு போய், அவள் அடிகளை எண்ணிக் கையெழுத்துப் போட ஓர் ஆட்டக்காரி வேண்டும். ஆனால் துணைக்குப் போகிறவள் ஆடுவது கணக்கில் வராது.

அவர் போனதும் பூங்கோதை பையை உதைத்தாள்.

"சின்ன வயசுல பாண்டி ஆடுறப்போ இப்படித்தான்க்கா. அழுதா, ஒப்புக்குச் சப்பாணின்னு சேத்துக்குவாங்க. இந்த வயசுலயுமா?"

"அப்ப நொண்டி அடிச்சியா, சும்மா நின்னியா?"

"நொண்டிதான் அடிச்சேன்."

"கால் வலிச்சுதா?"

"வலிக்காம?"

லூர்தம்மாள், அவள் கட்டிய பெட்டியைத் திறந்து ஷூவை எடுத்தார். அடியில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டத் தொடங்கினார்.

"கணக்குல சேராத ஆட்டத்தை எதுக்கு ஆடணும்? அதைச் சொல்லுங்க."

"ஆடிட்டு வந்து கேளு."

விடிந்தபோது தூறல். அறிவிப்பாளர் இங்ரிட்டின் பெயரை, நாட்டை, வென்ற கோப்பைகளைச் சொன்னார். பூங்கோதையின் பெயரைச் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கக்கூட ஆள் வரவில்லை. கயிற்றுக்கு வெளியே லூர்தம்மாள் மட்டும் நடந்துவந்தார்.

பூங்கோதை எரிச்சலில் அடித்தாள். பந்து புதருக்குள் போனது. இங்ரிட் குனிந்து தேடினாள்.

"விடு. அது கணக்குல இல்லாத பந்து."

"பந்துக்கு அது தெரியுமா?" என்றாள் இங்ரிட், முள் குத்திய விரலைச் சப்பியபடி.

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் கையின் இறுக்கம் தளர்ந்தது. எதிர்க்காற்றிலும் பந்து அவள் நினைத்த இடத்தில் போய் விழுந்தது. கடைசிக் குழியில், வெகு தூரத்திலிருந்து உருட்டியது வளைந்து வந்து உள்ளே இறங்கியது. இங்ரிட் தொப்பியைக் கழற்றினாள்.

கூடாரத்தில் பூங்கோதை இங்ரிட்டின் அடிக்கணக்கு அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதிகாரி நன்றி சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு நாற்காலியைத் துடைத்தார்.

மழை வலுத்திருந்தது. லூர்தம்மாள் வெளியே நின்றிருந்தார்.

"எண்ணினீங்களாக்கா?"

"எண்ணினேன். நேத்தைவிட ஏழு கம்மி."

எந்த மைதானத்திலும் பூங்கோதை அப்படி ஆடியதில்லை.

"இது நேத்து வந்திருந்தா..."

"வரல."

"யாருக்குக்கா தெரியும் இது?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப என்ன பிரயோசனம்?"

லூர்தம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நேத்து ஆடினது எல்லாருக்கும் தெரியும். அதுல என்ன பிரயோசனம்?"

பூங்கோதை அந்தப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.