ஜமீன்தாரின் ஜவ்வாதுத் துண்டு

ஊர்ப் பொதுக்காட்டில் மூன்று நாளாக ஜமீன்தார் பூபதிக்கு ஒரு மான்கூடச் சிக்கவில்லை. தடம் பார்க்கும் சடையன் காட்டிய பாறையில் வெயில் சுடுகிறதென்று, காற்று வரும் பக்கத்துப் புங்கமர நிழலில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டா, இன்னிக்கும் மான் வரலேன்னா உன் குடிசையைப் பிரிச்சுப் போட்டுருவேன்."

"வரும் சாமி. இன்னிக்கு நீங்க பாறையில உக்காருங்க. உங்க ஜவ்வாதுத் துண்டு நிழல்ல உக்காரட்டும்."

சடையன் துண்டைப் புங்கமரத்தில் கட்டினான். வாசனை காற்றோடு வந்ததும், மரத்துக்கும் பாறைக்கும் நடுவே மேய்ந்த மான்கள் மிரண்டு நேரே பாறையை நோக்கிப் பாய்ந்தன.

பாறையில் உட்கார்ந்திருந்த ஜமீன்தார் மீசையை முறுக்கினார். "பாத்தியாடா? எனக்குன்னா மானே ஓடி வருது."

"ஆமா சாமி. மூணு நாளா நீங்க விரட்டுனீங்க. இன்னிக்கு அந்த வேலையைத் துண்டு பாத்துக்குது, நீங்க சுடுங்க."

கூட வந்த ஆட்கள் சிரித்த சிரிப்பில் மான்கள் திசைமாறித் தப்பின. மான்தான் வந்துவிட்டதே, குடிசையும் தப்பியது.