மழைக்குப் பொறுப்பான தவளை

ஆனைமிதிச்சான் குட்டையில் நீலமேகம் என்றொரு தவளை இருந்தது. ஆள் சிறிசு, தொண்டை பெரிசு. காற்றில் ஈரம் ஏறினால் அதன் தோல் சிலிர்க்கும். தோல் சிலிர்த்தால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். அது கத்திய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மழை வந்துவிடும்.

குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகள் இதைக் கவனித்தன.

"நீலமேகம் கத்துனா மழை வருதுப்பா!" என்றது கீரி.

"இந்தக் காட்டுக்கே மழை கொடுக்கிற மகராசன்!" என்றது அணில். முயல் தன் குட்டிக்கு நீலமேகம் என்றே பேர் வைத்தது.

அப்போதே தவளை உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நான் எங்கப்பா மழை கொடுக்கிறேன்? வரப்போறது தெரியுது, கத்துறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மகராசன் என்று கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கன்னத்தை உப்பிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது.

அந்த வருஷம் ஆடி போனது, ஆவணி போனது, புரட்டாசியும் பாதி போனது. பேருக்கு ஒரு தூறல்கூட இல்லை. குட்டை சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு கலங்கல் மட்டும் மிஞ்சியது. அதை மான் குடித்தால் முயலுக்கு இல்லை, முயல் குடித்தால் கீரிக்கு இல்லை.

அந்தக் காட்டில் தருக்கன் என்றொரு நரி. யாராவது "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று சொன்னால்கூட, "எப்படிச் சொல்றே?" என்று பிடித்துக்கொள்ளும். அதோடு வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. ஜெயிக்கிறவரைக்கும் நின்று பேச யாருக்கும் பொறுமை இல்லை என்பதுதான் விஷயம். காடு அதை மகா புத்திசாலி என்று முடிவு செய்துவிட்டது.

ஒருநாள் காலையில் தருக்கன் குட்டைக் கரையில் எல்லாரையும் கூட்டியது.

"நல்லாக் கேளுங்க! தவளை கத்தின அன்னிக்கெல்லாம் மழை பெஞ்சுதா, இல்லையா?"

"பெஞ்சுது!"

"இந்த மூணு மாசத்துல ஒரு தடவையாவது கத்துச்சா?"

"இல்ல!"

"மழை பெஞ்சுதா?"

"இல்ல!"

"அப்போ மழையை நிறுத்தி வெச்சிருக்கிறது யாரு?"

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. நீலமேகம் அப்போதுதான் ஒரு கொசுவைப் பிடித்திருந்தது. கொசு வாயில் பாதியில் நின்றது.

"ஐயா, நான் எதையும் நிறுத்தலை! காத்துல ஈரம் வந்தாத்தான் எனக்குச் சத்தமே வரும். மகராசன்னு நீங்க சொன்னப்பவே நான் மறுத்திருக்கணும். பெருமைக்கு ஆசைப்பட்டுட்டேன். அது என் தப்பு."

"கேட்டுக்கிட்டீங்களா? தப்புன்னு அவனே ஒத்துக்கிட்டான்!" என்றது தருக்கன்.

பின்வரிசையில் இருந்த காட்டுப்பன்றி சேத்தாயி எழுந்தது. "நான் ஒண்ணு சொல்லணும். காஞ்சு கெடக்கிற ஆத்து வளைவுல மண்ணு ஒரு மாதிரி வாசனை அடிக்குது..."

"வாசனையெல்லாம் ஒரு நியாயமா?" என்று கேட்டது தருக்கன்.

சேத்தாயி யோசித்துப் பார்த்தது. "தெரியலைங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டது.

தருக்கன் தீர்ப்பு சொன்னது. "நாளைக்கழிச்சு உச்சி வெயில் வரைக்கும் கெடு. அதுக்குள்ள மழை வரலைன்னா, தவளையை நாரைகிட்ட கொடுத்துடலாம்."

நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. "எனக்கு இதுல இஷ்டமே கிடையாது. ஆனா, சபை சொல்லுதே, என்ன பண்றது?" என்றது. பிறகு அலகை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை துடைத்துக்கொண்டது.

ஓடிவிடலாம் என்றால் எங்கே ஓடுவது? சுற்றிலும் காய்ந்த மண். ஈரம் இல்லாத இடத்தில் தவளைக்கு அரை நாள்தான் ஆயுசு. நீலமேகம் கலங்கல் ஓரத்துக் கல்லில் ஏறி உட்கார்ந்து கத்த ஆரம்பித்தது. தோல் சிலிர்க்காமல் கத்துவது பசிக்காமல் சாப்பிடுவது மாதிரி. இருந்தாலும் உயிர் பயம் இருக்கிறதே! சாயங்காலம் வரைக்கும் கத்தியது. தொண்டை கட்டிக்கொண்டது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

"மனசாரக் கத்தலை," என்றது தருக்கன்.

"உயிரைக் கொடுத்துக் கத்தினேன் ஐயா!"

"அப்படிக் கத்தியிருந்தா மழை வந்திருக்கும். மழை வரலை. அதனால நீ மனசாரக் கத்தலை."

"ஆகா, என்ன மூளை!" என்றது அணில்.

நீலமேகத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மழை வந்தால் நான் கொண்டுவந்தது என்பார்கள். வராவிட்டால் நான் நிறுத்தியது என்பார்கள். எப்படிப் போட்டாலும் என் தலையில்தானே விழுகிறது?

"தருக்கன் ஐயா, ஒரே ஒரு கேள்வி. என்ன நடந்தா, மழைக்கும் எனக்கும் சம்பந்தமில்லைன்னு நீங்க ஒத்துக்குவீங்க?"

தருக்கன் கொஞ்ச நேரம் யோசித்தது.

"அப்படி எதுவும் நடக்காது," என்றது.

மறுநாள் காலையில் தவளை கத்துவதை வேடிக்கை பார்க்க எல்லாரும் வந்திருந்தார்கள். திடீரென்று மருத மரத்து உச்சியிலிருந்து "கெக்! கெக்! கெக்!" என்று சத்தம். கருமூஞ்சி என்ற குரங்குதான் கத்தியது. அடுத்த நொடி கரையில் ஒருவர் இல்லை. மான் ஒரு பக்கம், முயல் ஒரு பக்கம், நரி எல்லாருக்கும் முன்னால். நீலமேகம் கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டது.

கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு சிறுத்தை வந்தது. யாரும் இல்லை. நான்கு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டது.

எல்லாரும் மெல்லத் திரும்பி வந்தார்கள். கல்லுக்கு அடியிலிருந்து நீலமேகம் வெளியே வந்தது. அதன் தலைக்குள் ஒரு விஷயம் பளிச்சென்று பட்டிருந்தது.

"எல்லாருக்கும் ஒரு கேள்வி. இப்போ சிறுத்தையைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"யாரு கூட்டிட்டு வந்தா? அதுவா வந்துச்சு!" என்றது கீரி.

"அதெப்படி? முதல்ல கருமூஞ்சி கத்துச்சு, அப்புறம் சிறுத்தை வந்துச்சு. போன வாரமும் அதேதான். கருமூஞ்சி கத்தாத அன்னிக்குச் சிறுத்தை வந்ததே இல்ல. அப்போ அதை இழுத்துட்டு வர்றது கருமூஞ்சிதானே?"

புள்ளிமான் புள்ளியம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நன்றி கெட்டவனே, வாயைக் கழுவு! கருமூஞ்சி அண்ணன் மேல இருந்து பார்த்து நமக்குச் சொல்றாரு! அவரு சொல்லலைன்னா என் குட்டிங்க ரெண்டும் இன்னிக்கு உயிரோட இருக்காது!"

"அவரு மேல இருந்து கண்ணால பார்த்துச் சொல்றாரு. நான் கீழ இருந்து தோலால உணர்ந்து சொல்றேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் அக்கா?"

புள்ளியம்மா மர உச்சியைப் பார்த்தது, தவளையைப் பார்த்தது. "அட ஆமா!" என்றது மெதுவாக. கீரியும் முயலும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

தருக்கனுக்கு நிலைமை புரிந்துவிட்டது. இப்போது விட்டுக்கொடுத்தால் நாளை முதல் யார் மதிப்பார்கள்?

"சபாஷ்!" என்று கத்தியது நரி. "இதை நானே சொல்லணும்னு இருந்தேன். மழையை நிறுத்தினது தவளை, சிறுத்தையை வரவழைக்கிறது குரங்கு! அதோட வாயைக் கட்டுவோம். நாளையிலேருந்து இந்தக் காட்டுல சிறுத்தையே கிடையாது!"

"ஐயையோ, நான் அதுக்காகச் சொல்லலை!" என்று பதறியது நீலமேகம்.

"சொன்னது நீதானே?" என்றது தருக்கன்.

சிறுத்தையே வராத காடு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். மீதிப் பேர், தூக்கியவர்களைப் பார்த்துத் தூக்கினார்கள். புள்ளியம்மா மட்டும் "வேண்டாம், வேண்டாம்" என்று கதறியது. சேத்தாயி கையைத் தூக்கவில்லை. அதை யாரும் எண்ணவும் இல்லை.

கருமூஞ்சி ரோஷக்காரக் குரங்கு. தானாகவே மரத்தை விட்டு இறங்கி வந்தது. "கட்டுங்கப்பா! கட்டினவங்களே வந்து அவுத்து விடுற வரைக்கும் நான் தொட மாட்டேன்," என்று முகத்தை நீட்டியது. ஓணான்கொடியால் வாயைச் சுற்றும்போது நீலமேகத்தைப் பார்த்து, "ஏன்டா, உனக்கு வேற உதாரணமே கிடைக்கலையா?" என்றது. கட்டு இறுகுவதற்கு முன் அது கடைசியாகப் பேசியது அதுதான். நீலமேகத்துக்குக் கல்லுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. தன் உயிருக்காகப் பேசப் போய், ஒரு பாவமும் செய்யாதவன் வாயைக் கட்டவைத்துவிட்டதே!

கெடு நாள் வந்தது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. நாரை அடிக்கடி அண்ணாந்து சூரியனைப் பார்த்தது.

"வாங்க! இனிமே பயமில்லாம தண்ணி குடிக்கலாம்!" என்று தருக்கன் எல்லாரையும் கூப்பிட்டது.

"நீங்க முன்னாடி போங்க. நாங்க பின்னாடியே வர்றோம்," என்றது கீரி. முயலும் அதையே சொன்னது. நரியை நம்பாமல் இல்லை. கால்தான் வரவில்லை.

"பயந்தாங்கொள்ளிங்க!" என்று சொல்லிவிட்டுத் தருக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கலங்கலில் இறங்கியது. நிதானமாகக் குடித்தது.

மருத மரத்தின் மேல் கிளை ஆடியது. நீலமேகம் நிமிர்ந்து பார்த்தது. கருமூஞ்சி கிளையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, கட்டிய வாயோடு குதித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டி நீட்டிக் கோரைப்புல்லைக் காட்டியது. காற்றே இல்லாத நேரத்தில் புல் அசைந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் தன்னை நாரைக்குக் கொடுக்கப் போகிறவன் இவன்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அப்படி ஒரு நினைப்பு வராமல் இல்லை. வந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒருவன் சாகப்போகிறான் என்று தெரிந்தும் எப்படிச் சும்மா இருப்பது?

"தருக்கா! சிறுத்தை! ஓடு! ஓடு!"

தருக்கன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குரங்கு வாயைக் கட்டியாச்சு. சிறுத்தை எப்படி வரும்?" என்றது. "ஆனா நீ இப்போ மனசாரக் கத்தினே பாரு, அதுதான் கத்தல்! இனி மழை வந்தே தீரும்!"

சொல்லிவிட்டு, மேகம் வந்துவிட்டதா என்று பார்க்கத் தலையை நன்றாக அண்ணாந்தது.

சிறுத்தை அந்தச் சபைக்கு வந்திருக்கவில்லை. தான் இனிமேல் வரக் கூடாது என்பது அதற்குத் தெரியாது. வந்தது. அண்ணாந்த கழுத்து வாகாக இருந்தது. தூக்கிக்கொண்டு போய்விட்டது.

சிறுத்தை போனதும் எல்லாரும் மெல்ல மருத மரத்தடிக்கு வந்தார்கள். பிறகு கீரிதான் மரத்தில் ஏறி, கருமூஞ்சியின் வாய்க்கட்டை அவிழ்த்து, "மன்னிச்சுக்கோ அண்ணே," என்றது. நீலமேகமும் கல்லில் இருந்தபடியே மன்னிப்புக் கேட்டது. கருமூஞ்சி தாடையைத் தேய்த்துக்கொண்டது. "நீ அவனுக்கும் கத்தினே பார்த்தியா, அதுக்காக விடுறேன்," என்றது.

"அப்போ அந்த உச்சி வெயில் விஷயம்?" என்று நாரை கேட்டது. புள்ளியம்மா பார்த்த பார்வையில் பறந்து போய்விட்டது.

தாகம் மட்டும் அப்படியே இருந்தது. "அடுத்த புத்திசாலி யாருன்னு பார்த்து, அவரைக் கேட்டு நடப்போம்," என்றது அணில்.

"ஐயோ, ஒருத்தரையே கேட்டது போதும்!" என்றது நீலமேகம். "நமக்கு வேண்டியது தண்ணிதானே? யாருக்கு என்ன தெரியுமோ சொல்லுங்க. எப்படித் தெரியும்னும் சொல்லுங்க."

சேத்தாயி தயங்கித் தயங்கி எழுந்தது. "ஆத்து வளைவுல மண்ணுக்கு அடியில தண்ணி வாசனை அடிக்குது. எனக்குப் பேசத் தெரியாது. மூக்கு சொல்லுது."

"மூக்கு சொல்றது சரின்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது அக்கா?"

"தோண்டிப் பார்த்தாத் தெரிஞ்சுடும்," என்றது சேத்தாயி.

மூன்று மாதமாக அந்தக் காட்டில் யாரும் இப்படி ஒரு பதிலைச் சொல்லவில்லை. எல்லாரும் ஆற்று வளைவுக்குப் போனார்கள். நீலமேகம் சேத்தாயியின் முதுகில் ஏறிக்கொண்டது. முழங்கால் ஆழம் தோண்டினார்கள், வெறும் மணல். "இங்க ஒண்ணும் இல்லபோல," என்றது கீரி. "இன்னும் கொஞ்சம்," என்றது சேத்தாயி. இடுப்பளவு தோண்டியதும் மணல் கறுத்தது. அப்புறம் குழைந்தது. அப்புறம் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்து, குழியில் தெளிந்த தண்ணீர் நின்றது. முதல் வாய் புள்ளியம்மாவின் குட்டிகள் குடித்தன. சேத்தாயி கடைசியாகத்தான் குடித்தது.

ஒன்றுக்கு முன்னால் இன்னொன்று நடந்தது என்பதற்காக அதுவே காரணம் ஆகிவிடாது. ஒருவர் வாயைக் கட்டுவதற்கு முன்னால், அவர் சொல்வது மெய்யா என்று சோதித்துப் பார்ப்பதே அறிவு.