ஆயிரத்தொன்பதாவது இலை

ஆற்றோர மடத்தில் குருபூசைப் பந்திக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். எப்போதோ ஒரு குட்டை வரிசைக்கு அப்பளம் வராமல் போய்ப் பெரிய ரகளையாகிவிட்டதாம்.

இந்த வருஷம் பந்திப் பொறுப்பு மாசிலாமணிக்கு வந்தது. கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர். மடத்துத் தலைவி மங்கையர்க்கரசி அம்மைக்கு அவர் சீடர்தான் என்றாலும், வயதில் அவரைவிட நன்றாகவே மூத்தவர்.

அம்மையையும் சேர்த்து ஆயிரத்தெட்டுப் பேர். இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு. மண்டபத்தைப் பார்க்கப் பார்க்க மாசிலாமணிக்கு உச்சி குளிர்ந்தது.

சோற்று வாளிகள் கிளம்பும் நேரம் பார்த்து ஒரு பலூன்காரர் வாசலில் வந்து நின்றார்.

"சாப்பாடு இருக்குங்களா?"

மாசிலாமணி சட்டென்று ஒன்றைக் கூட்டினார். ஆயிரத்தொன்பது! மனக்கணக்காக வகுத்துப் பார்த்தார். ஏழால் போகவில்லை, பதின்மூன்றால் போகவில்லை, முப்பத்தொன்று வரை எதனாலும் போகவில்லை. அதற்கு மேல் பார்க்கவே வேண்டாம். பெரிய எண் எதுவும் வகுப்பதாக இருந்தால் அதன் சின்ன ஜோடி முன்பே சிக்கியிருக்கும். சந்தேகமே இல்லை, பகா எண்தான்.

அம்மையிடம் ஓடினார்.

"அம்மா, ஒருத்தர் கூடிட்டார். அவரை மட்டும் சமையற்கட்டுல உட்கார வெச்சிரட்டுமா?"

"ஏன் ஐயா?"

"வரிசை சமமா வராதும்மா. இந்த எண் எதனாலயும் வகுபடாது."

"எதனாலயுமா?"

"ஒண்ணால வகுபடும். அது எல்லா எண்ணுக்கும் உள்ளதுதான். அதை யாரு கணக்குல எடுத்துக்கறா?"

அம்மை தன் இலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். மண்டபத்தைக் கடந்தார், வாசலைத் தாண்டினார், தெருவில் இலையை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இப்படி வாங்க," என்று பலூன்காரருக்குப் பக்கத்தில் இடம் காட்டினார்.

உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் இலையும் கையுமாக எழுந்து வந்தார்கள். "புதுப் புடவைடி!" என்று முணுமுணுத்த ஒரு பெண்மணிதான் எல்லாரையும் முந்திக்கொண்டு மூன்றாவது இடத்தைப் பிடித்தார். ஒரே வரிசை. அது தெருமுனையில் திரும்பி, படித்துறை வரை போயிற்று.

பாடுபட்டுப் போட்ட வரிசைகள் கலைந்ததில் மாசிலாமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் சாம்பார் வாளியோடு படித்துறை வரை ஓடியவருக்கு, வழியெல்லாம் கேட்ட சிரிப்பில் தன் சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

கடைசி இலைக்குப் பரிமாறி நிமிர்ந்தபோது ஒரு பூக்காரம்மா கூடையோடு வந்து நின்றார். மாசிலாமணியின் முகம் மலர்ந்துவிட்டது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு, மூச்சிரைக்க அம்மையிடம் ஓடி வந்தார்.

"அம்மா, இன்னும் ஒருத்தர் வந்துட்டாங்க! ஆயிரத்துப் பத்து! பத்து வரிசை, வரிசைக்கு நூத்தியொண்ணு, கச்சிதமா வருது. எல்லாரையும் உள்ளே கூப்பிடட்டுமா?"

அம்மை சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்:

"அந்தம்மாவுக்கு இலை போட்டீங்களா?"