மாட்டு டாக்டர்கள் நிம்மதியாக வாழப் பழகிய கதை

தாராபுரம் சாலையில் ஊசிப்பாளையம் என்று ஓர் ஊர். அங்கே மூன்று மாட்டு டாக்டர்கள் சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, ஆள் ரொம்பக் குள்ளம். அடுத்தவர் மரகதம். எதையும் நன்றாக யோசித்துத்தான் ஒப்புக்கொள்வார், ஆனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். மூன்றாமவர் திருமூர்த்தி. மழை பெய்தாலும் கவலைப்படுவார், பெய்யாவிட்டாலும் கவலைப்படுவார்.

வைத்தியத்தில் மூவரும் கெட்டிக்காரர்கள். மாடு வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை, அதனால் குழப்பம் வருவதில்லை. மனிதர்கள் ஏதாவது சொன்னால்தான் சிக்கல். சொன்னதை இவர்கள் அப்படியே செய்துவிடுவார்கள்.

"காசு அடுத்த சந்தைக்குத் தர்றேனுங்க" என்று யாராவது சொன்னால், "சரிங்க" என்பார்கள். எந்த ஊர்ச் சந்தை என்று கேட்கமாட்டார்கள். ஃபீஸுக்குப் பதிலாக வந்த பூசணிக்காய்கள் ஆஸ்பத்திரியில் மாடு நிற்க இடமில்லாமல் கிடந்தன. எந்த நேரம் கூப்பிட்டாலும் ஓடுவார்கள். ஒரு விடிகாலையில் கன்று போட முடியாமல் கிடந்த ஒரு மாட்டுக்குள் தோள் வரை கையை விட்ட நாச்சிமுத்து, அப்படியே தூங்கிப்போனார். எழுப்ப மனசு வராமல் மாட்டுக்காரர் ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்தார். கடைசியில் கன்றுக்குட்டிதான் உள்ளேயிருந்து உதைத்து எழுப்பியது.

இதைக் கேள்விப்பட்ட நாச்சிமுத்துவின் மனைவி பயந்துபோனார். "இப்படியே போனா ஆளும் மிஞ்சாது, ஆஸ்பத்திரியும் மிஞ்சாது" என்று சொல்லி, கோயமுத்தூரிலிருந்து யாமினி என்ற ஆலோசகரை வரவழைத்தார். டாக்டர்கள் பணத்தை எப்படிச் சேர்ப்பது, மனசை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பதுதான் யாமினியின் தொழில். நல்ல பெண்மணி. மூன்று பேரையும் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார்.

"உங்க பணம் சும்மா பெட்டியில தூங்கக்கூடாது. அதுவும் உங்களுக்காக வேலை செய்யணும். எதுவா இருந்தாலும் முதல்ல உங்களுக்கு எடுத்துக்கோங்க, அப்புறம்தான் மத்தவங்களுக்கு. யாராவது எதையாவது கேட்டா 'இல்லை'ன்னு சொல்லப் பழகுங்க. மன அழுத்தத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டுப் போங்க. நான் மறுபடி வந்து பார்க்கறேன்."

மூவரும் எழுந்து நின்று நன்றி சொன்னார்கள்.

மறுநாளே பணப்பெட்டியை வேலைக்குக் கூட்டிப் போனார்கள். பெரியதோட்டத்துக் காளைக்கு ஊசி போட வேண்டியிருந்தது. நாச்சிமுத்துவுக்கு எட்டவில்லை. பெட்டியைக் கீழே வைத்து அதன் மேல் ஏறி நின்று போட்டார். இறங்கி வந்து பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் இது உழைச்சிருக்கு" என்றார்.

காளை நகர்ந்து பெட்டியின் மேல் கால் வைத்தது. பெட்டி சப்பையாகிவிட்டது.

"முதல் நாளுங்கறதால அசதி" என்றார் மரகதம்.

அன்று சாயங்காலம் மன அழுத்தத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள்.

"விட்டுட்டுப் போறதுன்னா அது எங்க இருக்குன்னு முதல்ல தெரியணும்" என்றார் நாச்சிமுத்து. "எனக்குச் சட்டைப் பையில இல்லை. பார்த்துட்டேன்."

மரகதம் நெடுநேரம் யோசித்தார். "அண்ணா, நம்ம மனசு எப்போ பதறுது?"

"திருமூர்த்தி பேசறப்போ."

"எனக்கும் அப்படித்தான். திருமூர்த்தி, உங்களுக்கு?"

திருமூர்த்தி நேர்மையான மனிதர். "தனியா இருக்கறப்போ எனக்கு என்னாலதான் வருது" என்றார். "அப்போ அழுத்தம் நான்தான்."

"வருத்தமா இருக்கா?"

"அதெல்லாம் இல்லை. என்னைப் பூட்டிட்டுப் போனா எனக்குக் கொசு கடிக்குமேன்னுதான் கவலை."

கொசுவத்தி வாங்கிக் கொடுத்து, அவரை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். வீட்டுக்குப் போய் இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் அழுத்தத்தை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அவருக்கு ராத்திரிச் சாப்பாடு மட்டும் ஜன்னல் வழியாகப் போய்விடும்.

ஒரு நாள் அப்படிப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கையில், பாவாத்தாள் என்ற அம்மாள் தன் பசுவை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஈரமான இளம் சோளத்தட்டை மேய்ந்து பசுவின் வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. மூச்சு வாங்கியது. பாவாத்தாளுக்கு இருந்தது அந்த ஒரு பசுதான். அதன் பாலில்தான் குடும்பம் ஓடியது.

"டாக்டருங்க இருக்காங்களா?" என்று நாச்சிமுத்துவைப் பார்த்தே கேட்டார்.

"இல்லை" என்றார் நாச்சிமுத்து. அன்றைக்கு அவர்கள் சொல்லிப் பழகிக்கொண்டிருந்த சொல் அது.

"ஏனுங்க, நீங்கதானுங்களே டாக்டரு?"

"இல்லை."

பாவாத்தாள் மரகதத்திடம் திரும்பினார். "அம்மிணி, மாடு செத்துப்போயிருமுங்களா?"

"இல்லை."

"அப்போ பொழைச்சுக்குமுங்களா?"

"இல்லை."

பாவாத்தாள் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சத்தமில்லாமல் அழுதார். டாக்டர்கள் இருவருக்கும் மனசு கேட்கவில்லை. பசுவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். நேரம் அதிகமில்லை. இடது விலாவுக்குப் பின்னால் துளை போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கான குத்தூசி பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தது.

"சாவி கொடுங்கண்ணா" என்றார் மரகதம்.

"கதவைத் திறந்தா அழுத்தம் வெளியே வந்துருமே."

"ஆமா" என்று உள்ளேயிருந்து திருமூர்த்தி சொன்னார். "திறக்காதீங்க. நான் வந்துருவேன்."

மூவரும் யோசித்தார்கள். பசு முனகியது.

"அழுத்தம்தான் வெளியே வரக்கூடாது" என்றார் மரகதம். "கை வரலாமில்ல?"

இந்தப் பேச்சில் ஒரு குறையும் காண முடியவில்லை. பசுவை ஜன்னலோடு ஒட்டி நிறுத்தினார்கள். திருமூர்த்தி கம்பிகளுக்கு இடையே இரண்டு கையையும் நீட்டி, இடம் பார்த்து, ஒரே குத்தில் ஊசியை இறக்கினார். புஸ்ஸென்று காற்று வந்தது. ஆஸ்பத்திரி முழுக்கப் புளித்த சோளத்தட்டு வாசனை. பசு ஒரு பெருமூச்சு விட்டு, ஜன்னலில் வைத்திருந்த திருமூர்த்தியின் இட்லியைத் தின்றது.

மிச்சக் காற்றும் அடங்கக் கடலை எண்ணெய் புகட்ட வேண்டும். பாவாத்தாள் கடைக்கு ஓடி ஒரு பெரிய பாட்டில் வாங்கி வந்தார். நாச்சிமுத்து மூடியைத் திறந்து, யாமினி சொன்னதை நினைத்துக்கொண்டார். முதலில் நமக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. மாட்டுக்கு உண்டான அளவை முதலில் தானே குடித்தார். அதே அளவு மரகதத்துக்குக் கொடுத்தார். மரகதம் யோசித்துவிட்டுக் குடித்தார். மீதி பசுவுக்குப் போனது.

பாவாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "ஃபீஸ் வாங்கிக்கிறீங்களா?"

"இல்லை" என்றார்கள் இருவரும்.

இந்த ஆஸ்பத்திரி எப்போதும் இப்படித்தான், காசைப் பெரிதாக நினைக்காது என்று வாழ்த்திவிட்டு, பாவாத்தாள் பசுவை ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வேலை நடக்கவில்லை. நாச்சிமுத்து கழிவறையிலிருந்து வரும்போது மரகதம் போனார், மரகதம் வரும்போது நாச்சிமுத்து போனார். அன்றைக்குப் பார்த்துத்தான் யாமினி வந்தார். கார் ஓட்டிக்கொண்டு அவருடைய கணவர் விசுவமும் வந்திருந்தார்.

யாமினி சப்பையான பணப்பெட்டியைப் பார்த்தார். கொசுவத்திச் சாம்பலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த திருமூர்த்தியைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். மூவரும் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். எல்லாம் அவர் சொன்னபடியே செய்ததையும் சொன்னார்கள்.

யாமினி பூசணிக்காய் ஒன்றின் மேல் மெல்ல உட்கார்ந்தார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கூப்பிட்டாலும் பதில் இல்லை.

டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மாதிரி கேஸ்கள் அவர்களுக்குப் பழக்கம். நாச்சிமுத்து விசுவத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தீனி எடுக்கறாங்களா?"

"காலையில ரெண்டு தோசை சாப்பிட்டாங்க" என்றார் விசுவம்.

"தண்ணி?"

"குடிச்சாங்க."

"அசை போடறாங்களா?"

விசுவம் பெருமூச்சு விட்டார். "அதையேன் கேட்கறீங்க. கல்யாணத்துல எங்க வீட்டு ஆளுங்க பேசின பேச்சை இன்னைக்கு வரைக்கும் அசை போட்டுட்டுத்தான் இருக்காங்க."

மூன்று டாக்டர்களுக்கும் பெரிய நிம்மதி. அசை போடும் வரை வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் யாமினி எழுந்தார். வாசலைத் தாண்டி, காரையும் தாண்டி, சாலையில் இறங்கி நடந்தார்.

"நடையைப் பாருங்கண்ணா" என்றார் மரகதம் கவலையோடு. "நாலு காலும் ஒழுங்கா ஊனறாங்களா?"

நாச்சிமுத்து தரையோடு தரையாகக் குனிந்து, யாமினி போகிற பக்கத்தையே கூர்ந்து பார்த்தார்.

"இல்லைம்மா" என்றார். "பின்னங்கால் ரெண்டையும்தான் ஊனறாங்க. முன்னங்காலைக் கீழேயே வைக்கமாட்டேங்கறாங்க. குளம்புல நல்ல வலி இருக்கும்போல."